ஒரே நாளில் ஆறாம் பாரம்

எங்கள் வீட்டிலிருந்து முதலில் பெரிய பள்ளிக்கூடம் போனவன் என் அண்ணன். மூன்று நாள் போனான். நான்காம் நாள் பாதி வழியில் திரும்பி, மூங்கில் ஏற்றிப் போகும் மாமாவின் மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தான். அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்கென்று இறங்கவேயில்லை.

காரணம் கேட்டால், "மணிக்கு ஒரு வாத்தியாரு வர்றாரு, யாருக்கு பயப்படறதுன்னே தெரியலை" என்றான். சவ்வாது மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரே அறை, ஒரே வாத்தியார். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவருக்கே பயந்தால் போதும்.

இரண்டு வருடம் கழித்து நான் ஐந்தாவது தேறினேன். காட்டு இலாகாவில் காவலராக இருந்த அப்பா ஒரே பேச்சில் முடித்தார்: "இதுவும் ஓடி வந்துட்டா, அதோட படிப்பு போதும். வூட்டு வேலை பாக்கட்டும்."

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தன் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள். மாமா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது அந்தப் பெரிய பள்ளியின் மதிலோரத்தில்தான். மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து அவருக்குத் தெரியாத விஷயமே அங்கே கிடையாது.

"நான் எத்தினி வாட்டி பாத்திருக்கேன்க்கா! மணி அடிச்சா பசங்க எழுந்து வேற ரூமுக்குப் போய்டுவாங்க. அதைப் பழக்கிட்டா பயம் போய்டும்."

அன்று சாயங்காலமே எங்கள் வீடு உயர்நிலைப் பள்ளியாயிற்று. ஜெபக்கூட்டத்துக்கு அடிக்கும் கைமணியை மாமா உபதேசியாரிடம் கேட்டு வாங்கி வந்தார். கூடத்தில் அப்பா கணக்கு வாத்தியார். மூங்கிலைத் தவிர வேறு எதையும் எண்ணத் தரமாட்டார். அடுப்படியில் அம்மா பூகோளம். வேலூருக்கு ஒரே ஒரு தடவை போனவள். ஆகவே உலகம் வேலூரோடு முடிந்தது. மாட்டுக் கொட்டகையில் மாமா இங்கிலீஷ். "கமான், கெட்டவுட், வெரிகுட்" என்ற மூன்றையும் மாடுகள் எனக்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தன. மணி அடிக்கும் வேலை அண்ணனுக்கு; ஓடி வந்தவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடித்ததும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். பதினைந்து நாளில், கோயில் மணி கேட்டால்கூட எழுந்து நிற்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

பள்ளி திறந்த நாள். முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், என்னோடு இன்னும் இரண்டு பெண்கள். மணி அடித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மற்றவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாவம், வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

அது இரண்டாம் பாரம். அடுத்த மணிக்கு மூன்றாம் பாரம். அங்கே வாத்தியார் என்னைப் பார்த்து, "யாரும்மா, அண்ணனுக்குச் சோறு கொண்டாந்தியா?" என்றார்.

"இல்லீங்க சார், படிக்க வந்தேன்" என்றேன். தலைமையாசிரியர் வீட்டுப் பெண் என்று நினைத்தாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை. நானும் மணிக்கு மணி முன்னேறிக்கொண்டே போனேன். அறைக்கு அறை பையன்கள் பெரிதாகிக்கொண்டே வந்தார்கள். கடைசி அறையில் சிலருக்கு மீசையே இருந்தது.

அங்கே தலைமையாசிரியரே கரும்பலகையில் வட்டத்துக்குள் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"யார் நீ?"

"முதல் பாரமுங்க."

"இங்கே எப்படி வந்தாய்?"

"மணி அடிச்சுதுங்க."

வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு அவர்தான் நின்றார். அழுதுகொண்டே மாமா, மணி, மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து முதல் பாரத்துக்கு அழைத்துப்போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"நீ இங்கேயே இரு. மணி அடித்தால் நாங்கள்தான் சுற்றுவோம். நாளைக்கும் வர வேண்டும், தெரிந்ததா?"

"வர்றேனுங்க" என்றேன்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னதும் அண்ணன் தரையில் உருண்டு சிரித்தான். "நான் ஒரு பாரத்துக்கே ஓடியாந்தேன், இவ ஒரே நாள்ல ஆறையும் பாத்துட்டா!" மாமா மட்டும், ஒரு கூட்டம் எழுந்து போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாதித்தார். அது மைதானத்துக்கு டிரில் செய்யப் போன வகுப்பு என்று சொல்லி அவர் மனதை நோகடிக்க எனக்கு இஷ்டமில்லை.

சிரிப்பு அடங்கியபின் அம்மா கேட்டாள்: "அந்தக் கடைசி ரூம்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

கரித்துண்டால் தரையில் ஒரு வட்டமும் அதற்குள் முக்கோணமும் போட்டுக் காட்டினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மாமா வட்டத்தின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனார். அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு, "இன்னொரு வாட்டி போடு" என்றார். அம்மா விளக்கை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

படத்தை எங்கேயோ தப்பாகப் போட்டுவிட்டேன், அதைத்தான் மூன்று பேரும் தேடுகிறார்கள் என்று நினைத்து, அவசர அவசரமாக அதைக் காலால் அழித்தேன்.