நல்லாயிருக்கேன், சிஸ்டர்

பெல்ஃபாஸ்டில் ஃபெர்கல் மெக்கெனிஸுக்குத் தொழில் பெயின்ட் அடிப்பது. சோறு போட்டது என்னவோ அவருடைய உடம்புதான். ஒன்பது வருஷத்தில் முப்பத்தொரு புது மருந்துகளைக் காசு வாங்கிக்கொண்டு விழுங்கியிருந்தார்.

பரிசோதனை வார்டில் பழைய ஆட்களுக்கு ஒரே மந்திரம்: "நல்லாயிருக்கேன், சிஸ்டர்." தலை சுற்றினாலும் அதுதான், வாந்தி வந்தாலும் அதுதான். உடம்புக்கு முடியலை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி நாள் வரை தாக்குப்பிடித்தவனுக்குத்தான் இரண்டாயிரம் பவுண்டு.

முப்பத்திரண்டாவது மருந்து. வார்டில் பத்துப் பேர். ஒன்பதாம் நாள், சீட்டாட்டத்தின் நடுவே பக்கத்துக் கட்டில் லோர்கனின் கண் ஃபெர்கலின் கண்ணில் பட்டது. கடுகு சாஸ் நிறம்.

"டேய், கண்ணு மஞ்சளா இருக்கு."

"லைட்டு அப்படிண்ணே."

"ஒண்ணுக்கு?"

"கட்டன் டீ மாதிரி போகுது. சொல்லிடாதீங்கண்ணே! இந்தக் காசு வந்தாத்தான் ரூமுக்கு அட்வான்ஸ். இல்லேன்னா மறுபடியும் வீடில்லாதவங்க தங்கற அந்த விடுதிதான்."

நாளை காலை மருந்து இரண்டு மடங்கு. ஃபெர்கலுக்கே இரண்டு நாளாக உடம்பெல்லாம் அரிப்பு. பவுடர் பூசி மறைத்து வைத்திருந்தார். வாயைத் திறந்தால் லோர்கனுக்கு ரூம் போகும், தனக்கு இந்த மருந்துப் பிழைப்பு போகும். திறக்காவிட்டால் இந்த மடையனின் ஈரல் போகும். பத்துப் பேரும் நல்லாயிருக்கிறார்கள் என்ற பொய்யை நம்பி, நாளைக்கு ஊரே இந்த மாத்திரையை விழுங்கும்.

மணியை அடித்தார். நர்ஸ் ப்ரோனா வந்தாள்.

"எனக்கு அரிக்குது சிஸ்டர். இவனைக் கேக்காதீங்க, கண்ணை மட்டும் பாருங்க."

லோர்கன் சீட்டுக்கட்டை அவர் மூஞ்சியில் எறிந்தான். "துரோகி!"

சாயங்காலத்துக்குள் பத்துப் பேரின் ரத்தமும் எடுத்துப் பார்த்தாயிற்று. நான்கு பேருக்கு ஈரல் கெட்டிருந்தது. டாக்டர் மருந்தை நிறுத்தினார்.

"எங்க காசு?" என்றார் ஃபெர்கல், அரிப்போடு.

டாக்டர் ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தைக் காட்டினார். உடம்புக்கு ஆகாமல் டாக்டர்களே மருந்தை நிறுத்தினாலும், வீட்டுக்கு அனுப்பினாலும் முழுப் பணம் உண்டு. ஒன்பது வருஷமாக ஃபெர்கல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்து போட்டிருந்தார்.

"நான் படிக்கலை, தப்புதான். நீங்க வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? பயந்துக்கிட்டே பொய் சொல்றோம்னு உங்களுக்குத் தெரியாதா?"



மறுநாள் காலை ப்ரோனா வழக்கம்போல் கேட்டாள்: "எப்படி இருக்கீங்க?"

"உக்காருங்க சிஸ்டர்," என்றார் ஃபெர்கல். "முட்டி வலியில ஆரம்பிக்கறேன்."

பக்கத்துக் கட்டிலில் லோர்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "அடுத்தது நான். எனக்கும் நிறைய இருக்கு."