அவன் பெயரில் ஒரு வாரண்ட்

என் சித்தப்பா மகனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத இடத்தில் ஒருமுறை எழுதியதே போதும்.

அவனும் நானும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஒரே வகுப்பு. எங்கள் புஞ்சையும் அவர்கள் புஞ்சையும் பக்கத்துப் பக்கம். விளாத்திகுளம் கரிசலில் மழை ஒரு மாதிரிதான் பெய்யும். வரப்புக்கு அந்தப் பக்கம் ஊற்றும், இந்தப் பக்கம் தூறலோடு போய்விடும். அந்தப் பக்கம் எப்போதும் அவர்களுடையதாகவே இருந்தது என்று சத்தியம் செய்யத் தயார். அவர்கள் களத்தில் மிளகாய் வத்தல் செக்கச்செவேல் என்று கிடக்கும், எங்களுடையது வெளுத்துப் போயிருக்கும். அவனைவிட எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்று, கையெழுத்து. பத்தாம் வகுப்பு வரை என் நோட்டைப் பார்த்துத்தான் அவன் எழுதினான். அப்படியும் வாத்தியார்களுக்கு அவனைத்தான் பிடித்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அத்தை மகளை அவனுக்குப் பேசி முடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் எனக்கும் முறைப்பெண்தானே. என்னிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. நானும் என் ஆசையை யாரிடமும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாள் என் தாய்மாமாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் போனேன். பின்னால் இரண்டு கூட்டாளிகள். லைசென்ஸ் கிடையாது. வளைவில் எஸ்.ஐ. கையைக் காட்டி நிறுத்தினார். ஏட்டு நோட்டை விரித்துக்கொண்டு, "பேரு என்னலே?" என்றார்.

அவன் பெயரைச் சொன்னேன். முந்தின நாளிலிருந்து வீட்டில் அந்தப் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது, அதனால் வாயில் வந்துவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தகப்பன் பெயரைக் கேட்டபோது சித்தப்பா பெயரைச் சொன்னது யோசித்துத்தான். அவன் பெயரிலேயே கையெழுத்தும் போட்டேன், அழகாக. வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு, "கோர்ட்ல இருந்து சம்மன் வரும், வந்து அபராதத்தக் கட்டிரு" என்று விட்டுவிட்டார்கள். வழி முழுக்கக் கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நானும் சிரித்தேன்.

சம்மன் வந்த சமயம் அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தான். ஊருக்கு வந்த போலீஸ்காரர் டீக்கடையில் என்னிடமே விசாரித்தார். "ஆளு ஊர்ல இல்லய்யா. எங்க இருக்கான்னும் தெரியல" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். நானே போய்க் கட்டித் தொலைத்திருக்கலாம். ஆனால் கோர்ட்டில் அவன் பெயரைக் கூப்பிடும்போது நான் போய் நிற்க வேண்டும். அவனாக ஒரு நிமிஷம் நிற்பது மட்டும் என்னால் ஏலாது என்று இருந்துவிட்டேன்.

ஐந்து வருஷம் ஓடியது. எனக்குக் கோவில்பட்டியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அவன் கல்யாணம் முடித்து, முறையாக லைசென்ஸ் எடுத்து, லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு குவைத்தில் டிரைவர் வேலை என்று கேள்விப்பட்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் அவன் கடைக்கு வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏலே, பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டையா என் பேர்ல வாரண்டு நிலுவையில இருக்குங்காரு. வண்டி கேஸாம். என்னைய எந்தப் போலீசும் பிடிக்கலயே! கேஸ முடிக்காம ரிப்போர்ட்டு எழுத மாட்டாராம். மாசக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட்டு போவலைன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு ஏஜெண்டு சொல்லிட்டான். ஒனக்குத்தான் கோர்ட்ல எல்லாரையும் தெரியுமே."

"பாப்போம்" என்றேன்.

எந்த வருஷம், எந்த மாதம் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேர வேலை. நான் அவனை மூன்று நாள் அலையவிட்டேன். முதல் நாள் கோர்ட் குமாஸ்தா லீவு என்றேன். மறுநாள் கேஸ் நம்பர் இல்லாமல் தேட முடியாதாம் என்றேன். மூன்றாம் நாள் எதுவும் தோன்றாமல், நாளைக்கு வா என்றேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் பாதிதான். மீதிப் பாதியை ஒளிப்பானேன், அவன் குவைத் போகாமல் லாரியிலேயே கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நாள் தூக்குச்சட்டியோடு வந்தான். "அவ ஒனக்கும் சேத்துக் குடுத்துவிட்டா. நமக்காக அலையுதாகன்னு." புளிச்சோறும் துவையலும். நல்ல ருசி. அந்த ருசியும் என்னை எரித்தது. கையைக் கழுவியதும், "வா, நானே வந்து கேக்கேன்" என்று முன்னால் நடந்தான்.

குமாஸ்தா நல்ல மனுஷர். ஆள் கிடைக்காமல் நின்றுபோன கேஸ்களைத் தனித்தனிக் கட்டுகளாக வைத்திருந்தார். வருஷ வாரியாக இரண்டு கட்டை எடுத்துத் தூசியைத் தட்டி, "நீங்களே பாத்து எடுங்கப்பா" என்று வராந்தா பெஞ்சில் போட்டார். எந்தக் கட்டு என்று எனக்குத் தெரியும். அதை எடுக்க நான் கையை நீட்டுவதற்குள் அவன் எடுத்துக்கொண்டான். எதிலும் முந்திக்கொள்கிறவன்.

நான் என் கட்டில் யார் யாருடைய பெயரையோ புரட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு தாளாக விரலை வைத்துப் படித்து வந்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் பெயர், சித்தப்பா பெயர், என் மாமாவின் வண்டி நம்பர். அடியில் என் கையெழுத்து. பத்து வருஷம் பார்த்து எழுதிய எழுத்து, அவனுக்குத் தெரியாமல் போகுமா?

அவன் அப்போதே ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இது ஒங்க மாமா வண்டியில்லா?" என்றான்.

"ஆமா."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை என் பக்கம் தள்ளிவைத்தான். "வாரண்ட ரத்து பண்ண மனு குடுக்கணும்லா. நீயே எழுதுலே. ஒன் எழுத்துதான் அழகாருக்கும்."

எழுதினேன். அன்றைக்கு அது அழகாக வரவில்லை. எங்கள் கடைக்கு வரும் வக்கீல் ஒருவர் மனுவை உள்ளே கொடுத்தார்.

மறுநாள் கோர்ட்டில் டவாலி அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். கடைசி வரிசையில் நின்ற எனக்குத்தான் முதலில் கால் அசைந்தது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கூண்டில் நின்றான்.

"லைசென்ஸ் இல்லாம மூணு பேரா வண்டியில போனீங்களா?"

"போனேம்யா."

"இத்தன வருஷம் ஏன் வரல?"

"ஊர்ல இல்லய்யா."

டீக்கடையில் நான் சொன்ன அதே சொல். நான்தான் அது என்று அப்போது ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவன் அபராதத்தைக் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிலே, வாரேன்" என்று பஸ் ஏறிவிட்டான்.

பாஸ்போர்ட் கெடுவுக்குள் வந்துவிட்டது. அவன் குவைத் போய்ச் சேர்ந்தான். ஆறு மாதம் கழித்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அத்தை மகளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று திரும்பினேன், அவளே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அவன் சொல்லியிருப்பான், ஊர் முன்னால் கேட்கப் போகிறாள் என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"மச்சான், நல்லாருக்கீயளா? நீங்க மட்டும் அன்னைக்கு அலைஞ்சு அந்தத் தாளக் கண்டுபிடிச்சுக் குடுக்கலைன்னா, குவைத்துக்குப் போயிருக்கவே முடியாதுன்னு அவிய போன்ல சொல்லாத நாள் கெடையாது" என்றாள்.

என் வாழ்க்கையில் அவன்மீது எத்தனையோ தடவை பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்குப் பட்டதுபோல ஒருபோதும் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், முதல் ஆளாக அவளிடம்தான் சொல்லியிருப்பேன்.