இளையவளை அக்கா என்பது

என் கணவரின் அண்ணன், முதல் மனைவி இறந்தபின் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த பெண், என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். வரதராஜன்பேட்டைக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வந்த அன்று சமையலறையில் என்னைப் பார்த்து, "டீச்சர், தண்ணி எங்க இருக்கு?" என்றாள்.

மாமியார் காதில் அது விழுந்துவிட்டது.

"இங்க என்னா பள்ளிக்கூடமா நடக்குது? நீதான் இப்ப மூத்த மருமவ. அவளப் பேரச் சொல்லிக் கூப்புடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இவள அக்கான்னு கூப்புடணும்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளே அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தாள். தயங்கித் தயங்கி அல்ல. தெருவுக்கே கேட்கும்படி. "அரிசியக் களைஞ்சு வையி," என்று வேலையும் சொன்னாள். அக்கா என்று மட்டும் என் வாயிலிருந்து வராது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். வாங்க என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "சாப்பிடலாம்", "குக்கர் விசில் வந்துடுச்சு" என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவேன்.

ஒருநாள் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் அவளும் உடன் வந்தாள். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை, இவள் யாரென்று கேட்டபோது, "என் பழைய ஸ்டூடண்ட்," என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். வீட்டு வாசல்படி ஏறியதும் அவள் ஆரம்பித்தாள்.

"நான் உனக்கு ஸ்டூடண்ட்டா? இந்த வூட்ல நான் உனக்கு மூத்தவ."

"வயசுலயா?"

"வயச யாரு கேட்டா?"

இரவு கணவரிடம் சொன்னேன். அவருக்கு இதில் சிக்கலே இல்லை. முதல் நாளே அவளை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டவர்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயேன்."

"உங்க ஆபீஸ்ல நேத்து வந்த பையன சார்னு கூப்புடுவீங்களா?"

"எனக்கு மேல இருந்தா கூப்புட்டுத்தான் ஆவணும்."

அந்தப் பதிலுக்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சண்டை போட்டு, அரியலூரில் வாடகை வீடு பார்த்து வந்தோம். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் தன் மகனின் காதுகுத்துக்கு அழைக்க அவள் தட்டோடு வந்தாள். கணவரிடம், "கண்டிப்பா வந்துடுங்க தம்பி," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீயும் வா," என்றாள்.

"பாக்கலாம்," என்றேன்.

அவர் மட்டும் போய் வந்தார்.