நிற்கிறேன், போ

நம்புகிறவர்கள் நம்புங்கள். தொட்டியில் விழுந்தது நான். என் நுரையீரலுக்குள் போன சாக்கடைத் தண்ணீர் பொய் சொல்லாது.

பல்கேரியாவில் எங்கள் சின்ன ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் எனக்கு வேலை. பெரிய தொட்டிக்கு அடியிலிருந்து மெஷின் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். குமிழி கொதிக்கும் அந்தத் தண்ணீர் ஆளைத் தாங்காது. எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் கல் மாதிரி போய்விடுவான். அதனால் ஒருவர் தொட்டிப் பாலத்தில் ஏறினால், இன்னொருவர் கட்டுப்பாட்டு அறையில் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் 'நிற்கிறேன்' என்று சொல்லாமல் யாரும் காலை வைக்கக் கூடாது.

அன்று இறந்தவர்களின் சனிக்கிழமை. செத்தவர்களுக்குப் படைக்க, ஊரே வேகவைத்த கோதுமையும் ஒயினுமாகக் கல்லறைக்குப் போயிருந்தது. வேலையில் நானும் ஸ்தாமென் அண்ணனும் மட்டும். மாலை நாலு மணிக்கே கண்ணை மறைக்கும் மூடுபனி. நுரை பொங்கிப் பாலத்துக்கே வந்துவிட்டது. அதைத் தண்ணீர் பீய்ச்சி அடக்க வேண்டும்.

வாக்கி-டாக்கியை எடுத்தேன்.

"அண்ணே, நிக்கிறீங்களா?"

கரகரப்பு... பிறகு குரல்.

"நிக்கிறேன். போ."

வழக்கமாக 'விழுந்து தொலைச்சிடாத மகாராணி' என்று ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை. குரலுக்குப் பின்னால் ஏதோ குமிழி சத்தம். அறைக்குள் அந்தச் சத்தம் கேட்காதே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஏறிவிட்டேன்.

பாலத்தின் நடுவில் ஈரக் காலடிகள். பூட்ஸ் தடம். தொட்டி விளிம்பில் தொடங்கி, அறைப் பக்கம் போயிருந்தன.

தொட்டிக்குப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

திரும்பினேன். நுரை வழுக்கியது...

கையிலிருந்த வாக்கி-டாக்கி பாலத்தில் விழுந்தது. நான் உள்ளே.

இருட்டு. பிடிக்க ஒன்றுமில்லை.

அவ்வளவுதான், செத்தேன்...

மெஷின் நின்றது.

குமிழி அடங்கித் தண்ணீர் கெட்டியானது. என்னை மேலே தூக்கியது. ஏணியைப் பற்றினேன். பாலத்தில் கிடந்த வாக்கி-டாக்கி பேசியது.

"ஏறு... எனக்கு யாரும் நிக்கல."

அறைக்கு ஓடினேன். சிவப்புப் பொத்தான் அமுங்கி இருந்தது. தரையெல்லாம் ஈரத் தடம். ஆள் இல்லை.

அப்போதுதான் ஸ்தாமென் கதவைத் திறந்துகொண்டு வந்தார். தோளில் பை, கையில் கோதுமைக் கிண்ணம்.

"அடிப்பாவி, என்னடி ஆச்சு?"

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? நிக்கிறேன்னு சொன்னீங்களே!"

"நானா? கல்லறைக்குப் போயிருந்தேன் விஹ்ரா. வாக்கி-டாக்கி சார்ஜ் இல்லாம பையில கெடக்கு."

"யாருக்குப் படையல்?"

"உனக்கு முன்னாடி இங்க வேலை பார்த்தானே, ஓக்னியான்." தடங்களைப் பார்த்ததும் அவர் ஓர் அடி பின்வாங்கினார். "அவனும் இதே மாதிரி ஒரு இறந்தவங்க சனிக்கிழமையிலதான் தொட்டியில விழுந்தான். நிக்கிறியா அண்ணேன்னு கேட்டான். நிக்கிறேன் போன்னு சொன்னேன்..."

"அப்புறம்?"

"நான் வெளிகேட்டுல நின்னு சிகரெட் புடிச்சிட்டு இருந்தேன்டி."

கிண்ணம் விழுந்து உடைந்தது.

அவர் பைக்குள் ஏதோ கரகரத்தது.

"அண்ணே... இப்ப நீ போ. நான் நிக்கிறேன்."