வேப்பிலை வைத்த சிரட்டை

மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மல்லித்தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கடைக்காரர், "டீச்சர், காஜா பெராங் தெரு மரகதம் டீச்சர் உங்க கூட்டாளிதானே? காலையில தவறிட்டாங்களாம்" என்றார். பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தேன். மிளகும் சீரகமும் கேட்டு வாங்கினேன். அதன் பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் இறங்கியது. அப்படியே பையோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பள்ளியின் பழைய மாணவிகளான நீங்கள் மரகதத்தைக் கணக்கு டீச்சராக அறிவீர்கள். விடை சரியாக இருந்தாலும், "எப்படி வந்துச்சு, அதச் சொல்லு" என்று நிற்கவைத்துக் கேட்டவள். அவள் ஒரு விளையாட்டை உருவாக்கினாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அது இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் ஏமாற்றி ஆடுவது. அதை முதலில் அவளோடு ஆடியவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். நாங்கள் இருவரும் பயிற்சிக் கல்லூரி முடித்து ஒரே பள்ளியில் சேர்ந்த புதிது. பள்ளியை மூடிவிட்டார்கள். செமாபோக்கில் இருந்த எங்கள் வீட்டைப் பட்டாளத்துக்கென்று எடுத்துக்கொண்டதால் நான் மரகதத்தின் வீட்டில் வந்து தங்கினேன். அங்கே அவளும் அவள் தம்பி தியாகுவும் மட்டும்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி வேலை பார்த்த மண்டோர் ஒருவன் ஆட்களோடு தெருத்தெருவாக வந்து, கிடைக்கும் இளைஞர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவான். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. தியாகுவுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவனை விட்டுக்கொடுப்பதில்லை என்று மரகதம் முடிவு செய்திருந்தாள். பொய் சொல்லத்தான் அவளுக்கு வரவில்லை.

பொழுது போகாமல் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த ஒரு பகலில் அவள் காய்களைக் கையால் ஒதுக்கிவிட்டாள். "எல்லாக் குழியும் கண்ணுக்குத் தெரியுது. இதுல பொய் சொல்ல இடமே இல்லையே, கமலம்" என்றாள். பிறகு கொல்லைக்குப் போய்த் தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கிவந்து நார் போகத் தேய்த்தாள். ஒளிப்பவள் மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒன்றின் அடியில் சிவப்பு மஞ்சாடி விதை, மற்றவற்றில் கூழாங்கல். மஞ்சாடிதான் ஆள். ஒளிப்பவள் எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லலாம். தேடுபவள் அவள் முகத்தைப் பார்த்து, திறப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

முதல் ஆட்டத்திலேயே அது படுத்துவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாச் சிரட்டையையும் வரிசையாகத் திறந்தேன்.

"இது ஆட்டமாடி? மண்டோர் வேலை."

"திறக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையே."

அவள் கோபப்படவில்லை, யோசித்தாள். திறப்பவள் கையிலிருந்தும் ஏதாவது போக வேண்டும் என்றாள். ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சாடி விதையைக் கையிருப்பாகப் பிரித்தாள். தப்பாகத் திறந்தால் கையிருப்பிலிருந்து ஒரு விதை கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தாள். உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. எதையும் திறக்காமல் விட்டுக்கொண்டே போனேன். இருவருக்கும் கொட்டாவி வந்தது. அப்போது அவள் வாசல் மரத்திலிருந்து வேப்பிலை ஒடித்து வந்து ஒரு சிரட்டையின் மேல் வைத்தாள். இலை வைத்ததைத் திறந்து கல் கிடைத்தால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். அந்த மிரட்டலை நம்பிச் சில நாள் மஞ்சாடியின் மேலேயே இலையை வைத்தாள். நான் இலையைக் கண்டதும் திறந்தேன். ஒருநாள் கல்லின் மேல் வைத்தாள். நான் திறந்து மாட்டிக்கொண்டேன். அன்றைக்குத்தான் ஆட்டத்துக்கு உயிர் வந்தது.

இலை அவளுக்குத் தோன்றியதற்குக் காரணம் தெருதான். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டான் என்பதால், பிள்ளையை ஒளித்த வீடெல்லாம் வேப்பிலை செருகியிருந்தது. அடுத்த வீட்டு லெட்சுமி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிக் குடும்பத்தவள்; தமிழ் பேசமாட்டாள், மலாய்தான். அவள் வாசலிலும் அதே வேப்பிலை. ஆரம்பத்தில் மண்டோர் நம்பினான். நாளாக ஆக, இலை தொங்கும் கதவாகப் பார்த்துத் திறக்கத் தொடங்கினான்.

இத்தனை விதிகளுக்குப் பிறகும் பெரும்பாலும் நானே ஜெயித்தேன். பொய் சொல்லும்போது மரகதம் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வாள். அதை அவளிடமே சொன்னேன். எவ்வளவு முயன்றும் அவளால் விட முடியவில்லை. அதற்குப் பதிலாகப் புதிய விதி ஒன்று கேட்டாள்: ஒளிப்பவள் உண்மையும் சொல்லலாம். பொய் ஆட்டத்தில் உண்மைக்கு என்ன வேலை என்று நான் சண்டை போட்டேன். "உண்மையச் சொல்லி உன்னை நம்பாம வெச்சா, அதுவும் என் கெட்டிக்காரத்தனம்தானே" என்றாள்.

அந்த வாரத்தில் எனக்கு நிஜமாகவே அம்மை போட்டது. நடு அறையில் படுக்கவைத்து, முறைப்படி மரகதம் அந்த அறைக் கதவில் வேப்பிலை செருகினாள். அப்போதுதான் மண்டோர் பக்கத்துத் தெருவில் இறங்கிவிட்டான் என்று தகவல் வந்தது. தனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டதால் என் அறையில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறேன் என்றான் தியாகு. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மரகதம் ஒப்பவில்லை.

"இலை வெச்ச சிரட்டையத்தான் அவன் முதல்ல திறப்பான். நீ அடுப்படிக்குப் போ."

அடுப்படி மூலையில் மரவள்ளிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் அவனை உட்காரவைத்துக் கோணிகளைப் போட்டு மூடினாள். அடுப்படிக் கதவை விரியத் திறந்து வைத்து, அடுப்பில் கிழங்கு அவித்தாள்.

நான் படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். "வாங்க மண்டோர், பசியாறிட்டீங்களா? கிழங்கு வேகுது, அடுப்படிக்கே வாங்க" என்று அவள் அழைத்தாள். தம்பி எங்கே என்றான் அவன். புக்கிட் ரம்பாய்க்குக் கிழங்கு நடப் போயிருக்கிறான் என்றாள். காலடிச் சத்தம் என் அறைக்கு முன்னால் நின்றது.

"இந்த ரூம்புல யாரு?"

"அம்மை போட்டிருக்கு. உள்ள போகாதீங்க."

கதவிடுக்கில் அவள் தெரிந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், எனக்கே சந்தேகம் வரும்படி.

மண்டோர் சிரித்தான். "தெருவுக்கே அம்மைதானா, டீச்சரம்மா? மாரியாத்தாளுக்கு வேற ஊரே கிடைக்கலையா?"

இலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் தள்ளினான். முகமெல்லாம் முத்து உடைந்து, கண்ணிமை வீங்கிக் கிடந்த என்னைப் பார்த்தான். அப்படியே பின்வாங்கினான். இலையைத் தொட்ட கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு கிணற்றடிக்கு ஓடிக் கைகால் கழுவும் சத்தம் கேட்டது. அடுப்படிப் பக்கம் அவன் திரும்பவில்லை.

சற்று நேரத்தில் அடுத்த வீட்டில் அழுகுரல் எழுந்தது. மண்டோர், தான் வாசலிலேயே நின்றுகொண்டு, கூட வந்த ஆட்களை அனுப்பி லெட்சுமியின் மூத்த மகனைப் பிடித்துப் போயிருந்தான். அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை.

தியாகு கோணியை உதறிவிட்டு வந்து, "தப்பிச்சோம்க்கா" என்றான். மரகதம் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "நாம தப்பிச்சோம். அவனுக்கு ஒரு ஆள் வேணும், அடுத்த வீட்டுல எடுத்துக்கிட்டான். நாம ரெண்டு பேர் ஆடுற ஆட்டம்னு நெனச்சு ஆடிட்டோம்."

மறுநாள் காலை அவள் சிரட்டைகளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு வரிசையாக எல்லா வீட்டுக்கும் போனாள். எல்லா வீடும் ஒரே பொய்யைச் சொன்னால் எல்லாரும் பிடிபடுவோம், ஆளுக்கொரு பொய் வேண்டும், அதைச் சொல்லிப் பழகவும் வேண்டும் என்பது அவள் வாதம். பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். யார் முகத்தில் என்ன தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லித் திருத்திக்கொண்டார்கள். வேப்பிலைகள் ஒவ்வொன்றாகக் கதவுகளிலிருந்து இறங்கின. அதற்குப் பிறகும் மண்டோர் வந்தான். எல்லாரையும் காப்பாற்ற முடிந்தது என்று சொல்லமாட்டேன். பலர் தப்பினார்கள், லெட்சுமியின் இளைய மகனும் தப்பினான்.

மரகதத்தின் பாடையைத் தியாகுவோடு சேர்ந்து தூக்கியவன் அந்த இளைய மகன். எடுத்துக்கொண்டு போன பிறகு லெட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் காலையைப் பற்றி, நான் இதுவரை கேட்டிராத ஒன்றை மலாயில் சொன்னாள். சிரட்டைகளோடு வந்த மரகதத்தை அவள் வெளியே போகச் சொன்னாளாம். உன் தம்பி அடுப்படியில் இருக்கிறான், என் பிள்ளை லாரியில் போய்விட்டான், எனக்கு விளையாட்டா காட்டுகிறாய் என்று கேட்டு, சிரட்டைகளை முற்றத்தில் வீசினாளாம். மரகதம் போய் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாளாம். மறுபடி வீசியபோது மறுபடி பொறுக்கினாளாம். "உனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறான்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லையாம். உச்சிப் பொழுதில் லெட்சுமி ஒரு சிரட்டையைக் கையில் எடுத்திருக்கிறாள்.

விதிகள் எனக்கு மனப்பாடம். யார் கேட்டாலும் சொல்லித் தருவேன். ஆனால் அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது, வெளியே போ என்று சொன்ன வீட்டில், சொன்னவளின் எதிரே, உச்சிப் பொழுதுவரை அவள் உட்கார்ந்திருந்ததைத்தான்.