நாற்பத்தொன்றாம் எண் தக்காளி

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, தக்காளித் தொட்டிகளுக்கு நடுவே போகிறார் வெர்னா ஹூக்ஸ்ட்ரா. சட்டைக் கை இலையில் உரசிவிடக் கூடாது. எங்கள் மிச்சிகன் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "தொட்டா தொலைஞ்சது!" பேராசிரியருக்கும் அதே மரியாதைதான்.

கிருமி ஒட்டியதும் இலையின் செல்லுக்குள் கால்சியம் பாயும். செடி போடும் முதல் கூச்சல் அது. கால்சியம் ஏறினால் பச்சையாக ஒளிரும்படி எங்கள் செடிகளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆனால் தட்டினாலும் உலுக்கினாலும்கூட அவை கத்தும். கத்திக் களைத்த செடி, நிஜத் திருடன் வந்தாலும் வாயைத் திறக்காது.

வெர்னா பால்பண்ணைக்காரர் மகள். டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது. இருபத்தாறு வருடமாகத் தொட்டி கழுவுகிறார், விதை போடுகிறார், மதியம் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் புளித்த வெள்ளரிக்காய் வைத்துச் சாப்பிடுகிறார். நான் என் டப்பாவோடு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன்.

சென்ற வாரம் பேராசிரியர் பிரென்ட், நாற்பத்தொன்றாம் எண் செடிகள்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டினார். கிருமித் துணுக்கு கலந்த சொட்டை வைத்தும் ஒளிரவில்லை, வெள்ளிக்கிழமை குப்பைக்கு. காட்டுத் தக்காளியோடு நான்கு வருடம் கலந்து கலந்து வெர்னா உண்டாக்கிய வகை அது.

"செடி ஊமை இல்ல, பிரென்ட். லொடலொட வண்டில உருட்டிட்டு வந்து, வந்த கையோட சோதிச்சா? உங்கள அப்படி உருட்டிட்டு வந்து பாடச் சொன்னா பாடுவீங்களா?"

"நான் சும்மாவே பாட மாட்டேன், வெர்னா."

"அப்ப ஒரு ராத்திரி அதை நிம்மதியா விடுங்க."

வியாழன் மதியம் வெர்னா ஒவ்வொரு தொட்டியாகக் கையில் ஏந்திப் போய் நுண்ணோக்கி அறையில் வைத்து, பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளி காலை பிரென்ட் சொட்டு வைத்தார். நுண்ணோக்கியின் திரை இருட்டாகவே இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. வெர்னா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நிமிடம், சொட்டு விழுந்த இடத்தில் பச்சை பற்றிக்கொண்டு சுற்றிலும் படர்ந்தது. பக்கத்து இலையில் வைத்த வெறும் தண்ணீர்ச் சொட்டு சும்மா கிடந்தது.

"மன்னிச்சிருங்க, வெர்னா," என்று பிரென்ட் சிவப்புச் சீட்டைப் பிய்த்தார்.

வெர்னா அவரைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் படத்த முதல்ல இருந்து இன்னொரு தடவ ஓட விடுங்க."