உலகச் சண்டைகளுக்கு மைசூர் லைன்மேன் பொறுப்பு

இன்டர்நெட் லைன் பார்க்கிற தொழிலில், நெட் ஓடும்போது நம் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் நம் தலைதான் உருளும். மைசூரில் எத்தனையோ வருடங்களாகக் கம்பத்தில் ஏறுகிறேன். மழைக்காக, மரக்கிளைக்காக, சாலை தோண்டுகிறவர்களுக்காகத் திட்டு வாங்குவது நியாயம். அயல்நாட்டுப் பிரதமர்களுக்காகவும் வாங்கிய கதையை, என்னைப் போல் கஸ்டமரிடம் கைகட்டி நிற்கிறவர்கள் நம்புவீர்கள்.

கடலுக்கடியில் கேபிள்

எங்கள் ஊர் கோகுலம் பகுதியில் ஒரு யோகா மாஸ்டர். ஜெர்மனிக்காரர்களுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறவர். ஒருநாள் அவர் தலைகீழாக நிற்கும்போது படம் உறைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகும், அங்கே மாணவர்கள் அவரைப் பார்த்துத் தலைகீழாகவே நின்றிருக்கிறார்கள்.

இங்கே எல்லாம் சரியாக இருந்தது. செங்கடல் பக்கம் சண்டை, கடலுக்கடியில் போகிற கேபிள் அறுந்துவிட்டது, அதனால்தான் ஐரோப்பாவுக்குத் தாமதம் என்று பொறுமையாக விளக்கினேன். மாஸ்டர் மூச்சை நிதானமாக விட்டுவிட்டுச் சொன்னார்: "போன வாரம் அணில் கடிச்சிருச்சுன்னீங்க, இந்த வாரம் சண்டைங்கறீங்க. ஏதாவது ஒண்ணுல நில்லுங்க சார்."

ஊதுபத்திக் கடை நடனம்

தேவராஜ மொஹல்லாவில் ஊதுபத்திக் கடை வைத்திருக்கிற ரமேஷ், சீனச் செயலி ஒன்றில் ஆடி வீடியோ போடுவார். எல்லையில் தகராறு வந்து, நம் அரசாங்கம் அந்தச் செயலிக்குத் தடை போட்டது. ரமேஷ் என்னை வரவழைத்து, வேறு ஒயர் போட்டால் வருமா என்று கேட்டார். தங்க ஒயர் போட்டாலும் வராது என்றேன். கடைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு என்னிடம் நியாயம் கேட்டார்: "எல்லையில சண்டை போட்டது அவங்க. நான் கடைக்குள்ள ஆடினேன், அஷ்டே. அவ்வளவுதானே சார்?"

சரோஜாம்மாவின் நாலு நம்பர்

சரோஜாம்மா கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க்காரர். ஒரே மகள் மேற்கே ஒரு நாட்டில் டாக்டருக்குப் படிக்கிறாள். அங்கே போர் மூண்டது. அந்த நாட்டு அரசாங்கம் இன்டர்நெட்டை அடியோடு நிறுத்திவிட்டது. மகளிடமிருந்து பேச்சில்லை. அம்மா எங்களிடம் புகார் கொடுத்துவிட்டார்.

போய்ப் பார்த்தால், ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல ரூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. பச்சை விளக்கு பூவுக்குள்ளிருந்து எரிந்தது. நம் லைன் நன்றாக இருக்கிறது, அங்கேதான் மூடிவிட்டார்கள் என்றேன். எங்கள் தொழிலில் கஸ்டமர் போனுக்கு வரும் நாலு இலக்க நம்பரை அவர் சொன்னால்தான் புகார் முடியும். அம்மா சொல்ல மறுத்துவிட்டார். "எம்புள்ள பேசட்டும், அப்புறம் சொல்றேன்."

சூப்பர்வைசர் என்னைக் காய்ச்சி எடுத்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் நம்பரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் போய், பழுதே இல்லாத ஒயரைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், காபி கொடுப்பார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் செய்ய ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் நானும் அந்த நாட்டுச் செய்தியைத்தான் தேடினேன். பயமாகத்தான் இருந்தது.

ஒருநாள் மதியம் கம்பத்தின் உச்சியில் இருக்கிறேன், போன் அடித்தது. அம்மாவின் குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்றே தெரியவில்லை. "புள்ள பேசிட்டா கண்ணு. பஸ்ஸுல எல்லை தாண்டி வந்துட்டாளாம். நீ தொடச்சது வீண் போவல. நம்பர் சொல்றேன், எழுதிக்க."

ஆபீஸ் கணக்கில் அந்தப் புகார் 'லைன்மேன் சரிசெய்தார்' என்று முடிந்திருக்கிறது. அந்த நாட்டு அரசாங்கம் இதைப் பார்த்தால் என்ன நினைக்குமோ, எனக்குத் தெரியாது.